தலைவர் துடிப்பு

உயிரியல் துறைக் கட்டடத்தில் மேலே போக விரும்புகிறவர்கள் எல்லோரும் அந்த அம்மாளின் தயவில்தான் போக வேண்டும். மேலே போவது என்றால் பதவியில் அல்ல. அதற்கு வேறு படிக்கட்டுகள் இருந்தன. முதல் மாடி, இரண்டாம் மாடி, மூன்றாம் மாடி என்று முழங்கால் நோகாமல் போவது. கட்டடத்துக்கு ஒரே லிஃப்ட். அதற்குள் ஒரு மர ஸ்டூல். ஸ்டூலின் மேல் பதினாறு வருஷமாக அவள். லிஃப்ட்டம்மா என்றால்தான் எல்லோருக்கும் தெரியும்.

லிஃப்டும் லேசுப்பட்டதில்லை. மடிப்புக் கம்பிக் கதவு. அவசரமாக இழுத்தால் விரலைக் கவ்வும், மெதுவாக இழுத்தால் பாதியில் முறைத்துக்கொண்டு நிற்கும். அதைத் தொடையால் முட்டி, மணிக்கட்டால் திருப்பி, ஒரே மூச்சில் சாத்துகிற வித்தை அவளுக்கு மட்டும்தான் வரும். கைப்பிடியைத் திருப்பினால் மொட்டைமாடியில் இருக்கும் மோட்டார் முதலில் தொண்டையைச் செருமும், பிறகு ஒரு உதறல், பிறகு கிளம்பும். தரைத்தளத்திலிருந்து மூன்றாம் மாடிக்குப் பதினாலு விநாடி. மழைக்காலமோ வெயில்காலமோ, ஒரு பேராசிரியரோ ஆறு மாணவர்களோ, பதினாலுக்கு ஒன்று கூடாது, குறையாது. அந்தக் கட்டடத்தில் சொன்ன நேரத்துக்கு நடக்கிற ஒரே காரியம் அதுதான்.

அவள் புருஷன் மூன்றாம் மாடியில் டெக்னீசியன். லேசர் நுண்ணோக்கி அவர் பொறுப்பு. அந்த இயந்திரம் வந்த கதையைச் சொன்னால்தான் மற்றது புரியும்.

மூன்று மரப்பெட்டிகளில் அது வந்து இறங்கியபோது, கூடவே வந்த கம்பெனி இன்ஜினீயர் கட்டடம் முழுக்கச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தரைத்தளத்து அருங்காட்சியக அறையைக் கைகாட்டினார். தரை மண்ணோடு ஒட்டியிருக்கிறது, அதிர்வு இருக்காது என்றார். துறைத் தலைவர் சிரித்தார். பதப்படுத்திய பாம்புகளுக்குப் பக்கத்திலா திறப்பு விழா வைப்பது? தன் அறைக்கு அடுத்த அறை காலியாக இருக்கிறது, மூன்றாம் மாடி, நல்ல வெளிச்சம், புகைப்படம் நன்றாக விழும் என்றார். அந்த அறையின் இடது சுவருக்கு அந்தப் பக்கம் லிஃப்ட் போகிற குழி. தலைக்கு மேலே மோட்டார். இன்ஜினீயர் பெருமூச்சு விட்டு, நுண்ணோக்கியை நான்கு காற்றுக் கால்கள் உள்ள மேஜையின் மேல் ஏற்றினார். ஒரு சின்னப் பம்பு அந்தக் கால்களுக்குள் காற்றை நிரப்பிக்கொண்டே இருக்கும். மேஜை காற்றில் மிதக்கும். பூமி ஆடினாலும் மேஜை ஆடாது. "பம்பை மட்டும் நிறுத்திடாதீங்க" என்று டெக்னீசியனிடம் மூன்று தடவை சொல்லிவிட்டுப் போனார்.

பம்பு ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை 'கொர்ர்' என்றது. மதியம் இரண்டிலிருந்து மூன்று வரை தலைவருக்குச் சிந்தனை நேரம். அந்தச் சிந்தனையும் 'கொர்ர்' என்றுதான் கேட்கும். இரண்டு கொர்ர்களில் ஒன்று போக வேண்டும் என்று வந்தபோது, பம்பு போனது. டெக்னீசியன் வேண்டாமென்று எழுதிக் கொடுத்தார். தலைவர் அந்தத் தாளின் ஓரத்தில் 'பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

தலைவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் 'முன்னுரை'. எந்தக் கூட்டத்திலும் அவர் பேச்சு முன்னுரையைத் தாண்டியதில்லை. அவர் எழுதப்போவதாகச் சொன்ன நான்கு புத்தகங்களும் அந்த நிலையிலேயே இருந்தன. இருபத்திரண்டு வருஷமாக ஒரு கண்டுபிடிப்புக்காகக் காத்திருந்த மனுஷர். பம்பை நிறுத்திய ஒன்பதாம் நாள் காலை ஒன்பதே முக்காலுக்கு அது நடந்தது.

திரையில் குளத்துப் பாசியின் செல்கள் பச்சைப் பச்சையாக வரிசைகட்டி நின்றன. திடீரென்று அத்தனையும் சேர்ந்து நடுங்கின. பதினாலு விநாடி. பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி நின்றன.

"துடிக்குதுய்யா!" என்றார் தலைவர். குரல் உடைந்துவிட்டது. "செல்லு துடிக்குதுய்யா!"

"லிஃப்ட் சார்" என்றார் டெக்னீசியன்.

"என்னது?"

"லிஃப்ட் மேல வருது சார். ஆபீஸ் டைம் இல்லியா. மேஜைல காத்து இல்லாததால..."

தலைவர் காதில் அது விழவில்லை. விழுந்திருந்தாலும் உள்ளே இடமில்லை. ஒன்பதே முக்கால், ஒரு மணி, ஐந்து மணி என்று மூன்று வேளையும் செல்கள் துடிப்பதைக் கண்டுபிடிக்க அவருக்கு ஒரு வாரம் போதும். ஆபீஸுக்கு வருகிற நேரம், சாப்பாட்டு நேரம், வீட்டுக்குப் போகிற நேரம். பாசிக்கு இத்தனை கடமை உணர்வு எப்படி வந்தது என்று அவர் யோசிக்கவில்லை. அந்தத் துடிப்புக்குத் தன் பெயரையே வைத்துக் கட்டுரை எழுதினார். ஒரு பத்திரிகையும் போட்டது. துறையில் எல்லோரும் அதைச் சுருக்கமாகத் 'தலைவர் துடிப்பு' என்றார்கள்.

டெக்னீசியன் இரண்டாம் முறையும் எழுதிக் கொடுத்தார். தேதி, நேரம், லிஃப்ட் ஓடிய நேரம், துடிப்பு நேரம் என்று நான்கு கட்டம் போட்டு, அடியில் 'இது செல்லின் துடிப்பு அல்ல என்று பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்' என்று. அந்தப் பணிவுதான் வினையாகப் போயிற்று.

அடுத்த வாரம் துறைக் கூட்டம். கருத்தரங்கக் கூடத்துக்குக் கூடுதல் நாற்காலிகளை லிஃப்டில் ஏற்றிக் கொண்டுவந்து கடைசி வரிசையில் போட்டுக்கொண்டிருந்தாள் லிஃப்ட்டம்மா. மேடையில் தலைவர் அந்தக் கடிதத்தை எடுத்தார். டெக்னீசியனை எழுந்து நிற்கச் சொன்னார். கடிதத்தை, மூக்கால் பேசி, ராகம் போட்டுப் படித்தார். 'பணிவுடன்' என்ற இடத்தில் இடுப்பை வளைத்துக் காட்டினார். கூடம் சிரித்தது.

"இவரு சம்சாரம் யாருன்னு தெரியுமா?" என்றார். "நம்ம லிஃப்ட்டு. லிஃப்ட் ஓட்டுறவளைக் கட்டினவனுக்கு உலகமே லிஃப்டாத்தானேய்யா தெரியும்! நாளைக்குப் பூமி சுத்துறதுக்கும் இவன் பெண்டாட்டிதான் காரணம்னு எழுதிக் கொடுப்பான்!"

இருநூறு பேர் சிரித்தார்கள். முன்வரிசைப் பேராசிரியர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அவள் கையில் இரண்டு நாற்காலிகள் இருந்தன. ஓசைப்படாமல் கீழே வைத்தாள். புருஷனின் கழுத்துப் பின்பக்கம் மட்டும்தான் அவளுக்குத் தெரிந்தது. அது சிவந்து, பிறகு வெளுத்தது. உட்காரச் சொல்ல மறந்துவிட்டார்கள். கூட்டம் முடியும்வரை ஒன்றேகால் மணி நேரம் அவர் நின்றார்.

மறுநாள் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தது. பொறாமையால் துறையின் கண்டுபிடிப்பைக் களங்கப்படுத்த முயன்றது. பொய்யான தகவல் எழுதிக் கொடுத்தது. கருவியைச் சரிவரப் பராமரிக்காதது. விசாரணை நடக்கும். குற்றம் உறுதியானால் வேலை போகும். வேலை போனால் பதினைந்து நாளில் ஊழியர் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும். அதுவரை நுண்ணோக்கியை அவரே பார்த்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் அதை ஆன் பண்ணத் தெரிந்த ஆள் துறையில் வேறு யாருமில்லை. துடிப்பு எப்போது வந்தது, எத்தனை என்று அவரே ஒரு நோட்டில் தினமும் குறிக்க வேண்டும்.

"பொய்யின்னு நான் சொன்னதை, உண்மைன்னு நானே எழுதணுமாம்" என்றார் அன்று சாயங்காலம். மழை பிடித்திருந்தது. சமையலறை ஜன்னலுக்கு வெளியே துணிக்கயிறு சொட்டிக்கொண்டிருந்தது. தட்டில் சோறு ஆறிக்கொண்டிருந்தது.

"மன்னிப்புக் கேட்டு ஒரு லெட்டர் குடுத்தா விட்டுடுவாராம். ஆபீஸ்ல சொன்னாங்க."

"குடுப்பீங்களா?"

"குடுத்தா, நான் எழுதினது பொய்யின்னு ஆயிடுமே."

பத்தாம் வகுப்புப் படிக்கிற மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்: "அப்பா, லெட்டர்ல 'பணிவுடன்' போடாதீங்க. அதான் அவருக்குப் பிடிக்கல."

யாரும் சிரிக்கவில்லை. லிஃப்ட்டம்மா முட்டையை உரித்துப் புருஷன் தட்டில் வைத்தாள். உலகமே லிஃப்டாத் தெரியும். அந்த வாக்கியம் அவள் தலைக்குள் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. 'அப்படியாடா?' என்று மனசுக்குள் கேட்டாள். 'அப்போ லிஃப்டைக் காட்டுறேன் இரு.'

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு, யாரும் மணி அடிக்காமல், யாரும் ஏறாமல், அவள் லிஃப்டை மூன்று தடவை மேலே கொண்டுபோய் இறக்கினாள். அதற்கடுத்த செவ்வாயும் அதே நேரம், அதே மூன்று தடவை.

"ஆச்சரியமா இருக்கு" என்றார் புருஷன் வீட்டில். "செவ்வாய்க்கிழமை பதினொன்னு இருபதுக்கு மூணு துடிப்பு. நீ அப்போ போனியா?"

"ஆளுங்க ஏறினாங்க, போனேன்."

"ரெண்டு வாரமும் அதே நேரத்துக்கா?"

"பசங்களுக்கு ஏதோ கிளாஸ் மாத்தியிருக்காங்க போல."

அவர் நம்பினார். பொய் சொல்லத் தெரியாதவர்களிடம் உள்ள தொல்லை இது. அடுத்தவர் சொன்னாலும் கண்டுபிடிக்கத் தெரியாது.

மேலே முன்னுரையார் வாரச் சுழற்சி என்று இரண்டாம் கட்டுரை தொடங்கினார். அவளுக்கு ருசி பிடித்துவிட்டது. பௌர்ணமியன்று காலையில் பதினொரு தடவை ஓட்டினாள். அமாவாசையன்று முழங்கால் வலி என்று சொல்லி, மற்றவர்களைப் படியில் ஏறவைத்து, இரண்டே தடவையோடு நிறுத்தினாள். சந்திரனுக்கும் பாசிக்கும் உள்ள உறவு பற்றித் தலைவர் வானொலியில் பேசினார். அவருடைய பிறந்தநாளன்று, மேலே ஜூனியர்கள் பூங்கொத்தோடு நின்றிருந்த நேரத்தில், ஒரு பதினைந்து நிமிஷம் விடாமல் ஓட்டினாள். மோட்டார் சூடேறி நாறியது. அன்று தலைவர் லிஃப்டில் இறங்கும்போது அவர் முகத்தில் ஒரு தெய்வீகக் களை இருந்தது. தன்னைப் பார்த்தால் செல்களுக்கு ஏதோ ஆகிறது என்று சம்சாரத்திடம் சொன்னாராம். டிரைவர் சொன்ன தகவல். கட்டுரையில் அதை மட்டும் எழுதவில்லை. அந்த அளவுக்கு அடக்கம் இருந்தது.

இப்படி ஓடிய பதினோரு மாசமும் அவர் தினம் இரண்டு தடவை அவளோடு பதினாலு விநாடி நின்றிருக்கிறார். ஒரு தடவைகூட அவள் முகத்தைப் பார்த்ததில்லை. கைப்பிடியைப் பார்த்து "மூணு" என்பார். அவளும் கைப்பிடியைப் பார்த்து "சரிங்க சார்" என்பாள். மனசுக்குள், 'தின்னு ராசா, நல்லாத் தின்னு' என்பாள்.

விசாரணை நான்கு தடவை தள்ளிப்போயிற்று. ஐந்தாம் தடவை தேதி குறித்தார்கள். அந்த மாதம் பன்னிரண்டு. அதற்கு மூன்று நாள் முன்னால், ஒன்பதாம் தேதி, துடிப்புக்கென்றே தனி ஆய்வு மையம் தரலாமா என்று பார்க்க வெளியிலிருந்து நிபுணர் குழு வரப்போகிறது.

ஸ்டோர்கீப்பர்தான் ஊழியர் சங்கச் செயலாளர். டீ குடிக்க இறங்கும்போதெல்லாம் லிஃப்டில் சட்டம் பேசுவார்.

"தங்கச்சி, உண்மையைச் சொல்றேன், கேஸு நம்ம பக்கம் இல்ல. இவரு ரெண்டு லெட்டர் எழுதினாரு. ஆனா எழுதினது யாரு? குற்றம் சாட்டப்பட்டவரு. அது செல்லாது."

"லிஃப்ட் ஓடினா ஆடுதுண்ணே. வந்து பார்த்தா தெரிஞ்சிடப் போகுது."

"விசாரணைல யாரும் வந்து பார்க்க மாட்டாங்க. அவங்க பார்க்கிறது பேப்பரு. அந்த ஆளே தன் கையால 'லிஃப்டாலதான் ஆடுது'ன்னு எழுதிக் கொடுத்திருந்தா கேஸு அன்னிக்கே முடிஞ்சுது. கொடுப்பானா?"

"அந்த ஆளு எல்லாத்துக்கும் கையெழுத்துப் போடுற ஆளுதானேண்ணே."

"எல்லாத்துக்கும் போடுவான். இதுக்குப் போடுவானா?"

அவள் கதவைத் தொடையால் முட்டிச் சாத்தினாள். அதுவரைக்கும் அவள் நினைப்பு குழு வருகிற அன்றைக்கு வேறு மாதிரி இருந்தது. குழுவின் கண்ணெதிரே பாசியைப் பேயாட்டம் ஆடவைக்க வேண்டும், அந்த ஆள் முகம் கோணுவதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். இப்போது அது போதாது என்று பட்டது. முகம் கோணினால் என்ன, அடுத்த நாள் நேராகிவிடும். கையெழுத்து நேராகாது.

எட்டாம் தேதி சுற்றறிக்கை வந்தது. தலைவரே தயாரித்தது. நாளை குழுவினர் வருகையை முன்னிட்டு லிஃப்ட் குழுவினரின் உபயோகத்துக்கு மட்டுமே ஒதுக்கப்படுகிறது. ஆசிரியர், ஊழியர், மாணவர் எவரும் பயன்படுத்தக் கூடாது. துறைத் தலைவரின் எழுத்துப்பூர்வமான அனுமதியின்றி லிஃப்டை இயக்கினால் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்படும். கீழே நீளமாகக் கையெழுத்து, தேதி, முத்திரை. பியூன் கொண்டுவந்து நீட்டினான். அவள் இரண்டு தடவை படித்தாள். பிறகு லிஃப்டுக்குள் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டினாள். நான்கு மூலையிலும் பசை தடவி, சுருக்கம் விழாமல், உள்ளங்கையால் நீவி நீவி ஒட்டினாள். மகளின் கல்யாணப் பத்திரிகையைக்கூட அவள் அத்தனை பிரியமாகத் தொடமாட்டாள்.

ஒன்பதாம் தேதி காலை வெயில் சுள்ளென்று அடித்தது. குழுவில் மூன்று பேர். தலைவி ஒரு கைத்தடி அம்மாள். வயசு எழுபதுக்கு மேல், குட்டையான உருவம், வாயே திறக்காத ஆள். துறைத் தலைவர் ஏறும்போதே முன்னுரையை ஆரம்பித்திருந்தார். லிஃப்ட் மூன்றாம் மாடியை அடைந்தபோது அவர் தன் பள்ளிப்பருவத்தில் இருந்தார்.

"எத்தனை விநாடி?" என்று கைத்தடி அம்மாள் திடீரென்று கேட்டாள். அவரிடமில்லை, லிஃப்ட்டம்மாவிடம்.

"பதினாலுங்கம்மா."

"ம்."

அவர்களை இறக்கிவிட்டு அவள் கீழே வந்தாள். கதவைச் சாத்தினாள். ஸ்டூலில் உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை.

வந்தவர்கள் எல்லோரும் சுற்றறிக்கையைப் படித்துவிட்டு முனகிக்கொண்டே படியேறினார்கள். ஒன்பதே முக்கால் ஆயிற்று. பத்து. பத்தேகால். மூன்றாம் மாடியில் திரையில் பாசி, பள்ளிக்கூடத்துக் குரூப் போட்டோ மாதிரி அசையாமல் நின்றதாம். புருஷன் பிறகு சொன்னார். முன்னுரையார் சந்திரனைப் பற்றிப் பேசினார். வாரச் சுழற்சியைப் பற்றிப் பேசினார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "இப்போ வரும்" என்றார். "இதோ இப்போ வரும்." கைத்தடி அம்மாள் கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னய்யா பண்ணினே?" என்று தலைவர் டெக்னீசியன் காதில் சீறினார். "நான் ஒண்ணும் பண்ணல சார்" என்றார் இவர்; "லிஃப்ட் இன்னைக்கு ஓடல இல்லியா."

அதைச் சொன்னது வஞ்சகமாக இல்லை. எப்போதும் சொல்கிற அதே குரல். ஆனால் பதினோரு மாசத்தில் முதல் தடவையாக அது தலைவரின் காதுக்குள் போயிற்று. அங்கே ஏற்கெனவே ஒரு மூலையில் அது உட்கார்ந்திருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அத்தனை சீக்கிரம் அடையாளம் கண்டிருக்க முடியாது. "ஒரு நிமிஷம்" என்று குழுவிடம் சொல்லிவிட்டு வெளியே ஓடிவந்தார்.

லிஃப்ட் குழியின் கம்பிக்கதவைப் பிடித்துக்கொண்டு கீழே குனிந்தார்.

"ஏம்மா! லிஃப்ட்டு!"

"சொல்லுங்க சார்."

"மேல கொண்டா! சீக்கிரம்!"

"யாரு சார் ஏறணும்?"

"யாரும் ஏற வேணாம். சும்மா மேலயும் கீழயும் ஓட்டு."

"சும்மா ஓட்டக் கூடாதுங்களே சார். சர்க்குலர் ஒட்டியிருக்கு."

"நான்தாம்மா போட்டேன் அந்த சர்க்குலரை!"

"அதாங்க சார். உங்க கையெழுத்துதான் இருக்கு. எழுத்துப்பூர்வமான அனுமதியில்லாமல்னு போட்டிருக்கீங்க. ஏற்கெனவே எங்க வீட்டுக்காரர் மேல ஒரு கேஸு நடக்குது. நானும் மாட்டினா பொண்ணு தெருவுலதான் நிக்கணும்."

"நான் சொல்றேன்ல! வாயால சொல்றேன்ல!"

"வாயால சொன்னது செல்லாதாம் சார். ஸ்டோர்கீப்பர் சொன்னாரு."

மேலிருந்து ஒரு சத்தம் வந்தது. கெட்ட வார்த்தைக்கும் அழுகைக்கும் நடுவில் ஒன்று. பிறகு காகிதம் கிழியும் ஓசை. அவள் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே அண்ணாந்து பார்த்தாள். எழுதுடா. எழுது. எழுதித்தான் பிழைக்கிறவன் நீ, எழுது.

"எத்தனை தடவைன்னும் போட்டுடுங்க சார்" என்றாள் மேலே பார்த்து. "கூடக் குறைய ஆச்சுன்னா என்னைக் கேப்பாங்க. எதுக்குன்னும் ஒரு வார்த்தை எழுதிடுங்க."

துறையின் தலைப்பு அச்சிட்ட தாள் ஒன்று, நான்காக மடிந்து, குழிக்குள் விழுந்து லிஃப்டின் கூரைக் கம்பியில் தட்டி, இடுக்கு வழியாக அவள் மடியிலேயே வந்து விழுந்தது. பிரித்தாள்.

'குழுவினருக்குச் செல் துடிப்பைச் செய்து காட்டும் பொருட்டு, லிஃப்டை ஐந்து முறை மேலும் கீழும் இயக்கவும். மிக அவசரம்.' நீளமான கையெழுத்து. பதவி முழுசாக. தேதி. நேரம். அத்தனை பதற்றத்திலும் சட்டைப் பையிலிருந்த முத்திரையை எடுத்துக் குத்தியிருந்தார். கொஞ்சம் கோணலாக விழுந்திருந்தது. ஆனால் எழுத்தெல்லாம் தெளிவாகத் தெரிந்தது.

அவள் தாளை மடித்து ரவிக்கைக்குள் செருகினாள். கைப்பிடியைத் திருப்பினாள்.

ஒன்று. இரண்டு. மூன்று. ஒவ்வொரு தடவையும் மூன்றாம் மாடியைத் தொட்டதும் கம்பிகளின் ஊடாக முன்னுரையாரின் குரல் கேட்டது; முதலில் நடுங்கியது, பிறகு தேறியது, நான்காம் தடவை பழைய கம்பீரம் வந்துவிட்டது. "பாருங்கள்! இயற்கை தன் நேரத்தைத் தானே தீர்மானிக்கிறது!" ஐந்தாம் தடவை மேலே போனவள் கீழே இறங்கவில்லை. கதவைத் திறந்தாள். புடவையைச் சரிசெய்தாள். பதினாறு வருஷத்தில் அந்த அறைக்குள் அவள் போனதே இல்லை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்தாள்.

ஜன்னலை மூடி இருட்டாக்கிய அறை. பச்சைத் திரை. எல்லோரும் திரும்பினார்கள்.

"சார், நீங்க எழுதிக் கொடுத்தபடி அஞ்சு தடவை ஏத்தி இறக்கிட்டேன்" என்றாள். குரலில் அவள் புருஷனின் அதே பணிவு. "கடைசித் தடவை மட்டும் இறங்கல. அதை நாலரைன்னு கணக்கு வெச்சுக்கலாமா, அஞ்சுன்னே போடலாமா? இதுல வேலை முடிஞ்சதுன்னு ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க."

தலைவர் வாய் திறந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அதிலிருந்து முன்னுரைகூட வரவில்லை.

"என்ன பேப்பர் அது?" என்றாள் கைத்தடி அம்மாள்.

"ஒண்ணுமில்லை மேடம், பராமரிப்பு சம்பந்தமா ஒரு..." என்று தலைவர் கையை நீட்டினார். லிஃப்ட்டம்மா தாளை அவர் கைக்குக் கொடுக்கவில்லை. அவர் கைக்கு மேலாக நீட்டிக் கைத்தடி அம்மாளிடம் கொடுத்தாள். அந்த அம்மாள் அதைத் திரையின் பச்சை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தாள். மற்ற இருவருக்கும் கேட்கும்படி, ராகம் எதுவும் போடாமல், ஒரு தடவை உரக்கப் படித்தாள்.

"பதினாலு விநாடி" என்றாள் பிறகு. "கட்டுரையில படிச்சப்பவே என்னடா இது சரியா ஒரே கணக்கா இருக்கேன்னு யோசிச்சேன்." டெக்னீசியன் பக்கம் திரும்பினாள். "மேஜைக்குப் பம்பு இருக்கணுமே, எங்கே?"

"அலமாரில இருக்கும்மா."

"மாட்டுங்க."

அவர் மாட்டினார். 'கொர்ர்' என்றது. மேஜை ஒரு விரல்கடை மேலே எழும்பி மிதந்தது.

"அம்மா, இப்போ ஓட்டுங்க" என்றாள் லிஃப்ட்டம்மாவைப் பார்த்து.

"எத்தனை தடவைங்கம்மா?"

"உங்களுக்குத் திருப்தியாகிறவரைக்கும்."

அவள் பன்னிரண்டு தடவை ஓட்டினாள். பாசி ஒரு தடவைகூட அசையவில்லை.

பன்னிரண்டாம் தேதி விசாரணை பத்து நிமிஷத்தில் முடிந்தது. கைத்தடி அம்மாள் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போன அந்தத் தாளை ஸ்டோர்கீப்பர் வைத்தார். கேட்க யாருக்கும் கேள்வி இருக்கவில்லை. குறிப்பாணை ரத்து. ஆய்வு மையம் வரவில்லை. கட்டுரைகளைப் பத்திரிகை திரும்பப் பெற்றது. முன்னுரையாரைத் தலைமையிலிருந்து இறக்கினார்கள். வேலையிலிருந்து இறக்கவில்லை, அந்த வழக்கம் அங்கே கிடையாது. மூன்றாம் மாடியில் கடைசி அறை ஒன்றைக் கொடுத்தார்கள்.

வீட்டில்தான் ஒரு சின்னக் கோளாறு. தாள் எப்படி வந்தது என்று சொல்லும்போது செவ்வாய்க்கிழமை விஷயமும், பௌர்ணமியும், பிறந்தநாளும் அவள் வாயிலிருந்து வந்துவிட்டன. மகள் தரையில் உருண்டு சிரித்தாள். புருஷன் சிரிக்கவில்லை.

"ஆளுங்க ஏறினாங்கன்னு சொன்னியே?"

"சொன்னேன்."

"அதை நம்பித்தானே நான் எழுதினேன். பதினோரு மாசம். ஒரு நாள் விடாம. அது அத்தனையும் நீ ஆட்டினது."

"அவன் ஆடட்டும்னு ஆட்டினேன்."

"அவனை ஆட்டினே சரி. நான் எழுதினதைக் கெடுத்துட்டியே."

அவளுக்கு அது உறைத்தது. ஆனால் மன்னிப்புக் கேட்கிற இடம் அது என்று தோன்றவில்லை. "நீங்க எழுதினது சுத்தமாத்தான் இருந்துச்சு. அதை வெச்சுத்தான் இருநூறு பேரு சிரிச்சாங்க" என்றாள். அவர் இரண்டு நாள் படியேறியே வேலைக்குப் போனார். மூன்றாம் நாள் மழை. நனைந்த குடையோடு லிஃப்டில் ஏறி, கைப்பிடியைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்து "மூணு" என்றார்.

அன்று முதல் படியேறுகிற ஆள் வேறொருவர். முன்னுரையார் லிஃப்டுக்குள் கால் வைப்பதில்லை. கனத்த உடம்பு, முதல் மாடித் திருப்பத்தில் கைப்பிடிச் சுவரைப் பிடிப்பார், இரண்டாம் மாடித் திருப்பத்தில் மூச்சு விசிலடிக்கும். காலை ஒன்பதரைக்கு அவர் தலை வாசலில் தெரிந்ததும் லிஃப்ட்டம்மா கதவைத் திறந்து வைப்பாள். "ஏறுங்க சார்" என்பாள். அவர் தலையைத் திருப்பிக்கொண்டு படிப்பக்கம் போவார். அவர் முதல் மாடியை அடைவதற்குள் லிஃப்ட் அங்கே காலியாக வந்து, கதவு திறந்து நிற்கும். "ஏறுங்க சார், இடமிருக்கு." இரண்டாம் மாடியிலும் அப்படியே. மூன்றாம் மாடியில் அவர் வியர்த்து, சுவரில் சாய்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது, அவள் கதவை விரியத் திறந்து ஸ்டூலிலிருந்து மரியாதையாக எழுந்து நிற்பாள். அவர் போகிறவரை உட்காரமாட்டாள்.

ஒரு நாள் புருஷன் அதைப் பார்த்துவிட்டார். முன்னுரையார் அறைக்குள் போனதும் கம்பிக்கதவு அருகே வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்:

"போதும் விடு. அதான் எல்லாம் போச்சே அந்த ஆளுக்கு. பாவம், நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுப் போறான்."

"நம்மளை எத்தனை மாசம் இழுத்தடிச்சான்?"

"பதினொண்ணு."

"இன்னைக்குப் பத்தொன்பதாம் நாள்" என்றாள் அவள், தொடையால் கதவை முட்டிச் சாத்திக்கொண்டே. "வழியை விடுங்க, கீழே ஆள் நிக்குது."